பேக்டேட்: பின்தேதியா, முன்தேதியா?

“முதல்ல அப்ளை பண்ணுங்கோ, பேக்டேட் பண்ணித் தருவினம்.” லண்டன் தமிழர் வீடுகளில் கேரர்ஸ் அலவன்ஸ் பேச்சை எடுத்தாலே காதில் விழுவது இதுதான். வீட்டில் இயலாமல் இருப்பவரை வாரத்துக்கு 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்பவருக்கு அரசு கொடுக்கும் தொகை அது. பேக்டேட் என்றால், முடிவு வந்த நாளிலிருந்து இல்லாமல் அதற்கு முந்தைய ஒரு நாளிலிருந்தே கணக்குப் போட்டுக் கொடுப்பது.

‘பேக்’ பின்னால், ‘டேட்’ தேதி. (டேட் வந்தது லத்தீன் ‘டாட்டா’விலிருந்து, ‘கொடுக்கப்பட்டது’ என்று பொருள், இன்ன ஊரில், இன்ன நாளில் கொடுக்கப்பட்டது என்று அந்தக் காலத்துக் கடிதங்களில் எழுதுவார்கள்.) இது வரைக்கும் சரி. தமிழாக்கத்தில்தான் வில்லங்கம். ஒரு துண்டறிக்கையில் ‘3 மாதம் பின்தேதியிட்டு வழங்கப்படும்’ என்று போட்டிருந்தார்கள். தாயாரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் அதைப் படித்துவிட்டு, “இன்னும் 3 மாசம் கழிச்சுத்தான் காசு வருமாம்” என்றார். அவர் படித்ததில் பிழையில்லை, எழுதினவர் விட்ட பிழை.

ஆங்கிலத்துக்குக் கடந்த காலம் முதுகுப் பக்கம். நமக்கோ நடந்து முடிந்தது முன், வரப்போவது பின். முன்னோர், முந்தாநாள் ஒரு பக்கம், பிற்பாடு, பின்னேரம் மறுபக்கம். பின்தேதியிட்ட காசோலை என்றால் இனிமேல்தான் மாற்ற முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் பேக்டேட் என்பது முன்தேதியிடல்தான். தமிழ்நாட்டில் அகவிலைப்படி அறிவிப்பில் ‘ஜனவரி 1 முதல் முன்தேதியிட்டு’ என்று சரியாகவே எழுதுகிறார்கள். இலங்கைக்காரருக்கு முன்திகதியிடல். தேதி எதற்கு, நாள் என்றே வைக்கலாமே என்றால் ‘முன்னாளிட்டு’ என்று வரும், முன்னாள் அமைச்சர்தான் நினைவுக்கு வருவார். தேதியே இருக்கட்டும்.

இந்த ஒரு சொல்லில் காசு இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸில், பார்த்துக்கொள்ளப்படுபவருக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் மாதிரி ஒரு உதவித்தொகை கிடைத்தால்தான் பார்த்துக்கொள்பவருக்குக் கேரர்ஸ் அலவன்ஸ், அதனால் ஒரு காத்திருப்பு முடிந்துதான் அடுத்தது தொடங்கும். தாயார் 2025 மே 5-இல் விண்ணப்பித்து, 20 வாரம் கழித்து செப்டம்பர் 22-இல், விண்ணப்பித்த மே 5-இலிருந்தே உண்டு என்று முடிவு வந்தது என வைத்துக்கொள்வோம். அந்த முடிவிலிருந்து 3 மாதத்துக்குள் மகள் விண்ணப்பித்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், அவருக்கும் மே 5-இலிருந்தே கணக்கு, வாரம் 83.30 பவுண்டு வீதம் அந்த 20 வாரத்துக்கு மட்டும் 1,666 பவுண்டு. அவசரம் இல்லை என்று ஜனவரி வரை இருந்துவிட்டாரா, 3 மாதம்தான் முன்னே போகும், அக்டோபரிலிருந்துதான் காசு. பின்தேதி என்று படித்தவருக்கு இதெல்லாம் எங்கே பிடிபடும்?

அப்படி மொத்தமாக வரும் தொகையை அரியர்ஸ் என்கிறோம். கல்லூரியில் நாம் வைத்த அதே அரியர்தான். பழைய பிரெஞ்சில் அதற்கும் ‘பின்னால்’ என்றே பொருள், மறுபடியும் முதுகு! தமிழில் நிலுவை. பாக்கி என்றாலும் புரியும், அரபியிலிருந்து வந்து கடைக் கணக்கில் ஊறிப்போன சொல், ஆனால் அதில் யாரோ கடன் வைத்த வாடை அடிக்கும். நிலுவையில் ‘நில்’ இருக்கிறது, வர வேண்டியது வராமல் நிற்கிறது, அவ்வளவுதான்.