காகத்துக்கு வைத்த சோளம்

புரட்டாசி மாதத்தில் ஒரு காலை. கால்நடை மருந்தக வாசலில் மொபெட்டை நிறுத்திய பெரியவர் ஒருவர், சாக்கில் சுற்றிய நாட்டு நாயைத் தூக்கிவந்து மேசைமேல் கிடத்தினார். அதன் வாயிலிருந்து எச்சில் நூல்நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. தொடைத் தசை தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடித்தது. இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. பூச்சிமருந்துதான் என்று புரிந்துவிட்டது.

"எங்கே மருந்து வைத்தீர்கள், ஐயா?"

"காக்காய்க்குத்தான் வைத்தோம், டாக்டர். சோளத்தில் பிசறி வரப்பில் போட்டோம். நாய் சோளம் தின்னாதே."

அவர் சொன்னது சரிதான், நாய் சோளம் தின்னவில்லை. சோளம் தின்று விழுந்த காகத்தைத் தின்றிருந்தது. இந்த விஷத்துக்கு முறிவான அட்ரோபின் ஊசியை எச்சில் வற்றும்வரை விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டே இருந்தோம். நான்கு மணிக்குமேல்தான் நாய் தலையைத் தூக்கியது. கூடவே சுற்றித் திரிந்த இன்னொரு நாய் காட்டிலேயே செத்துக் கிடந்ததாக அப்புறம் சொன்னார்.

பெரம்பலூர் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளம் விதைத்த கையோடு இப்படிப்பட்டவர்கள் மருந்தகத்துக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மழையை நம்பி விதை வாங்கி, ஏர் ஓட்டி, ஆள்வைத்து ஊன்றிய காட்டில், முளை தலைகாட்டிய ஐந்தாம் நாள் காகம் ஒவ்வொரு முளையாகப் பிடுங்கி அடியிலிருக்கும் விதையைத் தின்றுவிட்டுப் போனால் எவருக்கும் வயிறு எரியும். மறுவிதைப்புச் செலவை யாரும் தருவதில்லை. ஆனால் அந்த எரிச்சலில் கை நேராகக் குருணை மருந்துக்கு, அதாவது மணிமணியாக வரும் பூச்சிமருந்துக்குப் போவதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

குருணை மருந்தில் பிசறிய சோளம் காகத்துக்கென்று முகவரி எழுதிய கடிதம் அல்ல. வரப்பில் கிடப்பதைப் புறா தின்னும், கவுதாரி தின்னும், மயில் தின்னும், அவிழ்த்துவிட்ட கோழி தின்னும். தின்ற காகம் அங்கேயே விழும் என்பதும் நிச்சயமில்லை. பறந்துபோய்ப் பக்கத்துக் காட்டிலோ, ஏரிக்கரையிலோ, குடிநீர்க் கிணற்றிலோ விழலாம். விழுந்ததைக் கீரி, பூனை, பருந்து, நாய் என்று எது வேண்டுமானாலும் இழுத்துப்போகும். கார்போஃபியூரான் போன்ற குருணைகளும் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளும் நரம்பைத் தாக்கும் முறை பறவைக்கும் நாய்க்கும் மனிதனுக்கும் ஒன்றே. வெறுங்கையால் பிசறியவருக்கும் அதே ஆபத்து உண்டு. அந்தப் பெரியவரிடம் கையைக் காட்டச் சொன்னேன். நகக்கண்ணில் மருந்தின் சாயம் இன்னும் போகவில்லை. ஃபோரேட் என்ற இன்னொரு குருணை மருந்து 2020 இறுதியோடு நாட்டிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய பொட்டலம் வீட்டுப் பரணில் இருந்தால் அது இன்னும் ஆபத்தானதுதான்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. பயிரைத் தின்னும் படைப்புழுவைப் பறவைகள் பொறுக்கித் தின்னட்டும் என்று மக்காச்சோளக் காட்டில் பறவைத் தாங்கி நடச் சொல்கிறார்கள். விவசாயிகளும் நடுகிறார்கள். மைனாவும் கரிச்சானும் அதில் வந்து உட்கார்கின்றன. அதே காட்டின் வரப்பில் விஷச் சோளத்தையும் தூவுகிறோம். ஏர் ஓட்டும்போது கலப்பைக்குப் பின்னாலேயே நடந்து வெள்ளைப் புழுவைக் கொத்தும் பறவைகளில் காகமும் ஒன்று என்பது உழுதவர் அனைவருக்கும் தெரியும்.

சட்டத்துக்கு வருகிறேன். "காக்காயைக் கொல்ல என்ன தடை?" என்று கேட்பவர்கள் பழைய நிலையை வைத்துப் பேசுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம், எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவை தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன. 2022இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. காகம் இன்று அதே சட்டத்தில் பாதுகாக்கப்படும் உயிர்களைச் சொல்லும் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். விஷம் வைப்பது, கண்ணி கட்டுவது, பொறி வைப்பது, கூட்டையும் முட்டையையும் கலைப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். சில வகை ஏர்கன் வாங்க உரிமம் தேவையில்லை என்பதால் அதைக்கொண்டு பறவையைச் சுட உரிமை வந்துவிடாது. நின்ற பயிருக்குப் பெருஞ்சேதம் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரமளித்த அலுவலரோ காரணத்தைப் பதிவுசெய்து எழுத்தில் அனுமதி தரச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தத் தாள் கையில் இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது.

மயில் இன்னும் கடுமையான பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. காகத்துக்கு வைத்ததைத் தின்று ஒரு மயில் செத்தால், மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத் தண்டனைக்குரிய வழக்கு. "மயிலுக்கு வைக்கவில்லை" என்ற பதில் அங்கே எடுபடும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

அப்படியானால் முளையை எப்படிக் காப்பது? காகத்தின் தொல்லைக்குக் காலம் உண்டு என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். முளைக்கும் சமயத்தில் பத்துப் பன்னிரண்டு நாள், பிறகு கதிர் பால் பிடிக்கும்போது இரண்டு மூன்று வாரம். அந்த நாட்களில் மட்டும், அதுவும் விடிந்ததும் இரண்டு மணி நேரமும் பொழுது சாயும்போது ஒரு மணி நேரமும் காட்டில் ஆள் நடமாட்டம் இருந்தாலே பெரும்பாதிச் சேதம் குறையும். வள்ளி பரண்மேல் நின்று கவண் வீசி ஆலோலம் பாடிய கதை நமக்குத் தெரிந்ததுதான். தினைக்கு அன்று தேவைப்பட்ட காவல் இன்று சோளத்துக்கும் தேவைப்படுகிறது.

விதையை மேலோட்டமாகப் போடாமல் ஆழமாக ஊன்றி மண்ணை நன்றாக மூடுங்கள். சிந்திய விதையை வரப்பில் விடாதீர்கள். காகத்தை முதலில் அழைப்பது அதுதான். ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளியுமாக மின்னும் நாடா கிடைக்கிறது. அதை இரண்டு மூன்று முறுக்கு முறுக்கி, பயிருக்கு ஒரு முழம் மேலே, வடக்கு தெற்காகக் குச்சிகளில் கட்டினால் வெயிலில் பளபளக்கும், காற்றில் இரையும். காகம் ஏமாறுவது சில நாள்தான். ஆகவே முதல் நாளே கட்டிவிடாமல், முளை வரும் நாளில் கட்டி, தொல்லை தீர்ந்ததும் அவிழ்த்துவிடுங்கள். வைக்கோல் பொம்மையையும் தினம் இடம் மாற்றி, சட்டையை மாற்றி வையுங்கள். ஒரே இடத்தில் நிற்கும் பொம்மையின் தலையில் காகம் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கதிர் பருவத்தில் சேதம் அதிகமாக ஓரத்து வரிசைகளில்தான். வெளி வரிசைகள் மூன்று நான்கில் கதிரை அதன் பக்கத்து இலையால் சுற்றிக் கட்டிவிட்டால் பறவையின் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆள் கூலி ஆகும்தான், ஆனால் முழுக் காட்டையும் கட்ட வேண்டியதில்லை.

ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும். விஷம் வைக்காமலே காகங்கள் கூட்டமாகச் செத்து விழுந்தால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் கோழிகளையும் அண்டவிடாதீர்கள். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பறவைக் காய்ச்சல் வெளிப்பட்டது இறந்த காகங்களில்தான். உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மாதிரி எடுத்துப் போபாலில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. மருந்து தின்ற நாயோ மாடோ என்றால் 1962க்கு அழைத்துவிட்டு, மருந்துப் பொட்டலத்தையும் கையோடு எடுத்து வையுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் சிகிச்சையில் பாதி நேரம் மிச்சமாகும். உப்புத் தண்ணீரோ எண்ணெயோ வாயில் ஊற்றாதீர்கள். துடிக்கும் உயிருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

அன்று மாலை அந்தப் பெரியவரோடு அவர் காட்டுக்குப் போனேன். வரப்பில் கிடந்த சோளத்தை உறை மாட்டிக்கொண்டு பொறுக்கினோம். "மிச்சம் எங்கே, ஐயா?" என்றேன். கொட்டகைக்குள் கூட்டிப்போனார். கறவை மாட்டுக்குத் தவிடு கலக்கும் வாளிக்குப் பக்கத்தில், அதே நிறத்தில், அதே அளவில் இன்னொரு வாளி. அதில் அரை வாளிச் சோளம். மறுநாள் காலையில் தவிடு கலக்க வருவது அவர் மருமகள். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பெரியவர் சிறிது நேரம் இரண்டு வாளிகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில் குழி தோண்டத் தொடங்கினார்.