கிளாக்கோமா: நிறத்தின் பெயரில் ஒரு நோய்

எங்கள் பெரியம்மாவின் மருத்துவச் சீட்டில் கிளாக்கோமாவைக் ‘கண்நீர் அழுத்த நோய்’ என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு, “எனக்குக் கண்ணுல தண்ணியே வர்றதில்லையே, அப்புறம் என்ன கண்ணீர் நோய்?” என்றார். நியாயமான கேள்விதான். கண்ணையும் நீரையும் சேர்த்தால் தமிழில் கண்ணீர் ஆகிவிடும், நடுவில் புணர்ச்சியை நிறுத்தி ‘கண்நீர்’ என்று எழுதினால் மட்டும் வேறு பொருள் வந்துவிடுமா என்ன? சொல்ல வந்தது வெளியே வழிகிற நீரை அல்ல, கண்ணின் முன்பகுதிக்குள்ளேயே ஊறி வடிந்துகொண்டிருக்கும் தெளிந்த நீர்மத்தை. ஊறுகிற அளவுக்கு அது வடியாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு மெல்லக் கெடும்.

கிளாக்கோமா என்ற சொல்லிலோ நீரும் இல்லை, அழுத்தமும் இல்லை. ‘கிளௌகோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. நீலமா, பச்சையா, சாம்பலா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு வெளிர்நிறம். நமக்கு இது புரியும்; திருமாலைப் பச்சை வண்ணன் என்றும் நீல வண்ணன் என்றும் ஒரே வாயால் சொல்பவர்கள்தானே நாம். வயதானவர்களின் கண்பாவை இப்படி நிறம் மாறிப் பார்வை போவதைக் கிரேக்க மருத்துவர்கள் இந்தச் சொல்லால் குறித்தார்கள், அதில் கண்புரையும் கலந்தே கிடந்தது. புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) கலங்குவது என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஐரோப்பாவில் தெளிவானது. நம் ஊரில் இன்றைக்கும் “புரையாத்தான் இருக்கும், முத்தட்டும்” என்று காத்திருந்து பார்வையை இழப்பவர்கள் உண்டு. புரையில் போன பார்வை அறுவை சிகிச்சையில் திரும்பும், கிளாக்கோமாவில் போனது திரும்பாது.

அழுத்தத்தைக் குறைத்தால் பார்வை தப்பும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் பெர்லினின் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே. 1857இல் கண்பாவையைச் சுற்றி நிறத்தோடு இருக்கும் கருவிழிப்படலத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்துச் செய்தார். ஆனால் இன்று உலகமெங்கும் ராத்திரி படுக்கப்போகும்முன் விடுகிற சொட்டு மருந்துக்குப் பின்னால் இருப்பவர் லாஸ்லோ பிட்டோ. 1934இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் பிறந்தவர், கம்யூனிஸ்ட் ஆட்சியில் நிலக்கரிச் சுரங்கத்தில் கட்டாய வேலை பார்த்தவர், 1956 புரட்சி நசுக்கப்பட்டதும் அமெரிக்காவுக்குத் தப்பிப்போய்ப் படித்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கண்ணை ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருளின் பெயரும் ஒரு தப்பான பெயர்தான்: புரோஸ்டாகிளாண்டின். புரோஸ்டேட் சுரப்பியில் சுரப்பது என்று நினைத்து வைத்த பெயர், பார்த்தால் உடம்பெங்கும் இருக்கிறது. முயலின் கண்ணில் அதை நிறைய விட்டால் கண் சிவந்து அழுத்தம் ஏறியது, அதனால் கண்ணுக்கு ஆகாதது என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பிட்டோ அளவைக் குறைத்தார், பூனையிலும் குரங்கிலும் பார்த்தார். அழுத்தம் இறங்கியது. அப்புறம் ஸ்வீடனின் ஃபார்மாசியா நிறுவனத்தோடு சேர்ந்து உருவானதுதான் லாட்டனோபிராஸ்ட், 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெயரின் வாலில் அந்தப் பழைய ‘பிராஸ்ட்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னாளில் அவர் ஹங்கேரிக்கே திரும்பி நாவல் எழுதிக்கொண்டிருந்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கண் பிரஷர்’ என்பதைத்தான் ஜனங்கள் சொல்கிறார்கள், ‘கண்ணழுத்த நோய்’ அதற்கு நேர். நான் இதையே எழுதுவேன், ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை சாதாரண அழுத்தம் என்பார்கள்; 16 இருப்பவருக்கும் இந்த நோய் வருகிறது, 24 இருந்தும் ஒன்றும் ஆகாதவர் இருக்கிறார். உண்மையில் சாவது விழித்திரையின் நரம்புச் செல்கள். அவற்றின் இழைகள் பத்து லட்சத்துக்கு மேல் ஒன்றாகத் திரண்டதுதான் பார்வை நரம்பு. ‘பார்வை நரம்பு நலிவு’ என்றால் பொருள் சரியாக இருக்கும், ஆனால் சீட்டில் யார் எழுதப்போகிறார்கள்? ‘கண்நீர்’ மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. பிட்டோவின் மருந்தை மாதக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கருவிழிப்படலம் பழுப்பாகிவிடும், பச்சையும் பழுப்பும் கலந்த பூனைக்கண்காரர்களுக்குத்தான் அதிகம், மருந்தை நிறுத்தினாலும் பழைய நிறம் பெரும்பாலும் திரும்பாது. கிரேக்கர்கள் நோய்க்குப் பெயராக வைத்த அதே நிறத்தை, மருந்து எடுத்துவிடுகிறது.