கடல் தந்ததுதானே என்று சுறா எண்ணெய் புகட்டாதீர்கள்

பாளையங்கோட்டையில் குழந்தை மருத்துவராக இருந்துகொண்டு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இந்த வாரமும் உவரிப் பக்கத்திலிருந்து ஒரு கைக்குழந்தை வந்தது. தினமும் அரைச் சங்கு சுறா ஈரல் எண்ணெய் புகட்டியிருக்கிறார்கள். ஏன் ஆச்சி என்று கேட்டால், "கடல்ல கிடைச்சதுதான டாக்டரம்மா, இதுல என்ன கெமிக்கலா கலந்திருக்கு?" என்கிறார். பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் செய்கிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பதில்தான் என்னைக் கோபப்படுத்துகிறது.

கெடுதல் எல்லாம் ஃபேக்டரியில்தான் பிறக்கும் என்று யார் சொன்னது? ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19 கிராம் குளோரைடு, 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் அந்தப் புரோமைடுதான் திரண்டு நிற்கும். சில கடற்பஞ்சுகளுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் சிவப்புப் பாசிகளும் அதை எடுத்துத் தங்களுக்கு வேண்டிய சேர்மங்களைச் செய்துகொள்கின்றன. தீப்பிடிக்காமல் இருக்க டிவி பெட்டியிலும் நுரை மெத்தையிலும் சேர்த்தார்களே பிபிடிஇ என்ற புரோமின் ரசாயனம், அதற்கு நெருங்கிய உறவான மெதாக்ஸி பிபிடிஇயும் அதில் அடக்கம். எந்தக் கம்பெனியும் அதைக் கடலில் கொட்டவில்லை.

நம்பாதவர்களுக்காக இதையும் சொல்கிறேன். ஒரு திமிங்கிலத்தின் கொழுப்பிலிருந்து இந்தச் சேர்மங்களைப் பிரித்தெடுத்து, உயிருள்ளவற்றில் இருக்கும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 அவற்றில் இருக்கிறதா என்று அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பெட்ரோலியத்திலிருந்து செய்த பொருளில் அது இருக்காது, என்றோ அழிந்து போயிருக்கும். இதில் இருந்தது. 2005இல் வெளியான முடிவு இது. அப்புறம், 1921இல் ஒரு கப்பல் வேட்டையாடிக் கொண்டுவந்த திமிங்கில எண்ணெயைச் சோதித்தார்கள். அதிலும் இருந்தது. அந்தக் காலத்தில் பிபிடிஇ தயாரிப்பே கிடையாது.

இவை கொழுப்பில் கரைபவை. எளிதில் உடலை விட்டுப் போகாது. பாசியில் துளி, அதைத் தின்ற சின்ன மீனில் கொஞ்சம், அதைத் தின்ற பெரிய மீனில் இன்னும் கொஞ்சம் என்று சிறுவாட்டுக் காசு மாதிரி சேர்ந்துகொண்டே போகும். பல வருஷம் வாழும் பெரிய சுறாவின் ஈரலில் எண்ணெய்தான் நிறைந்திருக்கிறது. சேர்வதற்கு அதைவிட நல்ல இடம் எது? உடலுக்குள் போன மெதாக்ஸி பிபிடிஇ, ஹைட்ராக்ஸி வடிவத்துக்கு மாறக்கூடியது. தைராய்டு ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதத்தில் ஹார்மோனின் இடத்தை அது பிடித்துக்கொள்வதைச் சோதனைக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். மூளை வளரும் வயதில் தைராய்டு எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தாய் தின்றது பாலிலும் வரும். வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் திமிங்கிலக் கொழுப்பு சாப்பிடும் பெண்களின் தாய்ப்பாலில் க்யூ1 என்ற குளோரின் சேர்மம் கிடைத்தது. அதுவும் இயற்கையானதுதான்.

சரி, என்ன செய்யலாம்? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். வைட்டமின் டி வேண்டும் என்றால் நாங்கள் எழுதித் தரும் சொட்டு மருந்து போதும். எண்ணெயைச் சங்கில் புகட்டவே புகட்டாதீர்கள். சுறா எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுந்தால் அதுவே நஞ்சு. புரையேறி நுரையீரலுக்குள் போனால் சளிக்காய்ச்சல் போலத் தொடங்கி, மாதக்கணக்கில் படுத்தும். இதற்காகவே நான் அதிகம் திட்டுகிறேன்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா புட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று நிற்காதீர்கள். பெரிய சுறாவில் பாதரசமும் சேர்ந்திருக்கும். அதற்காக மீனையே நிறுத்திவிட வேண்டாம், தயவுசெய்து. சாளை, நெத்திலி, காரல் வாங்குங்கள். சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் வலையில் விழும் சின்ன மீன்களில் இவ்வளவு சேர நேரமே இருக்காது. காரல் குழம்பு வைத்துக் கொடுத்தால் ஆச்சிகளுக்கும் மனக்குறை இருக்காது.

இதைப் படித்துவிட்டுப் பயந்து தாய்ப்பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதற்கு ஈடு எதுவும் கிடையாது. ஏற்கெனவே எண்ணெய் புகட்டியிருந்தால் இன்றோடு விடுங்கள். குழந்தைக்கு இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். அந்தப் பாட்டிலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். கொண்டு வந்தால் யாரும் திட்ட மாட்டோம்.