குரூப்பா ஸ்கூபா டைவிங் போறீங்களா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அந்த மெடிக்கல் ஃபார்மை எடுங்க

ஏப்ரல் மே வந்துட்டா எங்க கிளினிக்குக்கு இப்படி போன் வர ஆரம்பிச்சிடும், "டாக்டர், வர்ற வெள்ளிக்கிழமை மால்டா கிளம்புறோம், டைவ் சென்டர்ல மெடிக்கல் கேக்குறாங்க, ஒரு கையெழுத்து போட்டா போதும்"னு. நான் இங்கிலாந்துல டைவிங் மெடிக்கல் பாக்குற டாக்டர். கடலுக்கடியில போக ஒருத்தர் உடம்பு ஒத்துக்குமான்னு பார்த்து சொல்றது என் வேலை. இந்த வெள்ளிக்கிழமை அவசரம் ஏன் வருது, வராம எப்படி பிளான் பண்ணலாம்னு கொஞ்சம் விளக்கமா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன்.

பெரும்பாலான குரூப்ல நடக்குறது என்னன்னா, ஆர்வமான ஒருத்தர் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பாரு, முதல்ல சீப் ஃப்ளைட், அப்புறம் நீச்சல் குளத்தோட வில்லா, அப்புறம் வாடகை கார், அப்புறம் பத்து டைவ் பேக்கேஜ், எல்லாத்துக்கும் காசு கட்டி முடிச்ச பிறகு கடைசியா ஊருக்கு போய் இறங்கி டைவ் சென்டர் கவுண்டர்ல நின்னுட்டு ஆளுக்கொரு ஃபார்ம். பின்னாடி ஏழெட்டு ஃபிரெண்ட்ஸ் "சீக்கிரம்டா, வேன் ரெடி"ன்னு நிக்குறாங்க. அந்த நேரத்துல யாருக்கு "ஆமா, எனக்கு பிபி இருக்கு"ன்னு டிக் போட மனசு வரும்? எல்லா கேள்விக்கும் "இல்லை", கையெழுத்து, கிளம்பியாச்சு. வர்றவங்க யாரும் பொய் சொல்லணும்னு வர்றதில்ல. நாம பிளான் போட்ட வரிசை அவங்களை அங்க கொண்டுபோய் நிறுத்துது. அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், வரிசையை மாத்துங்க. ஃபார்ம் முதல்ல, டிக்கெட் கடைசில.

அந்த ஃபார்ம் ஒண்ணும் ரகசியம் இல்ல. உலகம் முழுக்க பெரும்பாலான டைவ் சென்டர் ஒரே மாதிரி கேள்விப் பட்டியல்தான் வச்சிருக்காங்க, நெட்லயே கிடைக்கும். இதயம், நுரையீரல், 45 வயசுக்கு மேல இருந்தா புகை, பிபி, கொலஸ்ட்ரால், மூச்சுத்திணறல், வலிப்பு, சர்க்கரை, மனநல மாத்திரை, காது, ஆபரேஷன், இப்போ சாப்பிடுற மருந்து எல்லாம் கேக்கும். முக்கியமான விஷயம், "ஆமா"ன்னு போட்டா "டைவ் பண்ணக் கூடாது"ன்னு அர்த்தம் இல்ல, "ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வா"ன்னுதான் அர்த்தம். என்கிட்ட வர்ற "ஆமா" ஆட்கள்ல நிறைய பேருக்கு கையெழுத்து போட்டுத்தான் அனுப்புறேன். ஆனா சிலருக்கு டிரெட்மில் டெஸ்ட் வேணும், எக்கோ வேணும், ஆஸ்துமா இருந்தா ஊதிப் பாக்குற டெஸ்ட் வேணும், இதெல்லாம் ரெண்டு நாள்ல நடக்காது. ஆறு வாரம் வச்சுக்கோங்க, இதய டாக்டரைப் பாக்கணும்னா இன்னும் கூட.

நம்ம ஆட்களுக்கு இதை கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். தெற்காசிய ஆட்களுக்கு சர்க்கரையும் இதய அடைப்பும் மத்தவங்களை விட சின்ன வயசுலயே வருது. டைவிங்ல நடக்குற மரணங்கள்ல இதயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நாப்பதுகள்ல இருக்குற, ஆபீஸ்ல உக்காந்தே வேலை பாக்குற, வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல மட்டும் இருவது கிலோ சாமானைத் தூக்கிட்டு பாறை மேல நடக்குற ஒருத்தருக்கு அந்த நடையே ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட். சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையை சட்டுனு இறக்குற மாத்திரையோ எடுக்குறவங்க நல்ல கட்டுப்பாட்டுல இருந்தா டைவ் பண்ணலாம், ஆனா விதி இருக்கு. இறங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, அரை மணி நேரம் முன்னாடி, இறங்குறப்போன்னு மூணு தடவை குத்திப் பாக்கணும், 150க்கு மேல (mg/dL கணக்குல) இருக்கணும், இறங்குமுகமா இருக்கக் கூடாது. கூட இறங்குற பார்ட்னருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். மறைச்சு வச்சா இந்த விதியில எதையும் செய்ய முடியாது.

ஒரு கேஸ் சொல்றேன், ஆள் அடையாளம் தெரியாத மாதிரி விவரத்தை மாத்தியிருக்கேன். மே மாசம், மால்டாவுக்குப் பக்கத்துல இருக்குற கோசோ தீவு, ஃபேமிலி ஃபிரெண்ட்ஸ் குரூப். அம்பது தாண்டின ஒருத்தர், பிபிக்கு ரெண்டு மாத்திரை. "கன்ட்ரோல்லதானே இருக்கு"ன்னு ஃபார்ம்ல இல்லைன்னு போட்டுட்டாரு. தண்ணி 18 டிகிரி, இறுக்கமான வாடகை வெட்சூட் (குளிர் தாங்க உடம்போட ஒட்டிப் போடுற ரப்பர் உடை), கரையிலிருந்து நீந்திப் போயி இறங்கணும். பன்னெண்டு மீட்டர்ல மூச்சு வாங்க ஆரம்பிச்சது, பதட்டம்னு நினைச்சு அப்படியே இருந்தாரு, மேல வந்தப்போ இருமலோட இளஞ்சிவப்பு நுரை. தண்ணிக்குள்ள போனா கை கால்ல இருக்குற ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும், குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், ஏற்கனவே பிபியோட மல்லுக்கட்டுற இதயம் தாங்காம நுரையீரலுக்குள்ள நீர் கசியும். கடல்ல மூழ்காமலேயே உள்ளுக்குள்ள மூழ்குற நிலைமை இது. கைடு உடனே கரைக்கு இழுத்து ஆக்சிஜன் குடுத்ததால பொழைச்சாரு, ஆஸ்பத்திரியில இருந்து நல்லபடியா வீடு வந்தாரு. அவர் என்கிட்ட வந்தது அதுக்கு அப்புறம். ஒரு தடவை இப்படி வந்தா மறுபடி வர வாய்ப்பு அதிகம், அதனால இனி டைவிங் வேண்டாம்னுதான் சொல்ல வேண்டியதாச்சு. அவர் மனைவி கேட்ட கேள்வி இன்னும் மனசுல நிக்குது, "முன்னாடியே வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருப்பேன், பிபியை இன்னும் இறக்கியிருப்பேன், போறதா இருந்தா மே வேண்டாம் செப்டம்பர்ல போங்கன்னு சொல்லியிருப்பேன்.

செப்டம்பர்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு. மத்தியதரைக் கடலை போட்டோல பார்த்தா எப்பவும் வெயில் அடிக்கும், ஆனா கடல் மெதுவாத்தான் சூடாகும். மால்டாவுல ஏப்ரல்ல வெளிய டி ஷர்ட் போட்டுக்கலாம், தண்ணி 16, 17 டிகிரிதான். ஆகஸ்ட்ல 26, 27, அக்டோபர்ல கூட 23 பக்கம் இருக்கும். கோடையிலயும் இருவது மீட்டருக்குக் கீழ போனா திடீர்னு ஒரு குளிர் அடுக்கு வரும். அந்தமான்லயோ மாலத்தீவுலயோ திரிகோணமலையிலயோ 29 டிகிரி தண்ணில மெல்லிசா ஒரு சூட் போட்டு கத்துக்கிட்டவங்க மத்தியதரைக் கடல்ல அஞ்சு, ஏழு மில்லிமீட்டர் தடிமன் சூட் போடணும், தடிமனான சூட் மிதக்கும், இந்தக் கடல்ல உப்பும் கொஞ்சம் ஜாஸ்தி, அதனால இடுப்புல கட்டுற ஈயம் கூடுதலா வேணும், பழைய கணக்கு உதவாது. முதல் டைவ் கண்டிப்பா ஆழமில்லாத இடத்துல செக் டைவாத்தான் இருக்கணும், அதை வீண்னு நினைச்சு தாண்டிப் போகாதீங்க.

இன்னொண்ணு, அந்தமான் ஹேவ்லாக் தீவுல இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடிச்சு ஒரு தடவை கூட்டிட்டுப் போனது டைவிங் தகுதி இல்ல. பிளான் போடுறவர் ஒவ்வொருத்தர்கிட்டயும் என்ன கார்டு, கடைசியா எப்போ இறங்குனீங்கன்னு கேட்டு எழுதி வச்சுக்கணும். ஓபன் வாட்டர்ங்கிற ஆரம்ப நிலை பயிற்சிக் கார்டுன்னா 18 மீட்டர் ஆழம் வரைக்கும், அடுத்த நிலை அட்வான்ஸ்டுன்னா 30. குரூப்ல யார் கம்மியோ அவங்களை வச்சுத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கணும், யார் ஜாஸ்தியோ அவங்களை வச்சு இல்ல. பொதுவா தலைகீழாத்தான் நடக்குது, ஏன்னா பிளான் போடுறவரே அனுபவசாலி, அவர் மனசுல உம் எல் ஃபரூட் இருக்கும். 1995ல மால்டா கப்பல் துறையில வெடிச்சு ஒம்பது தொழிலாளர்கள் உயிர் போன டேங்கர் அது, 1998ல செயற்கைப் பாறையா இருக்கட்டும்னு மூழ்கடிச்சாங்க, அடி தட்டுறது 36 மீட்டர் கிட்ட. பிரமாதமான இடம், ஆனா கலப்புக் குரூப்புக்கு இல்ல.

கலப்புக் குரூப்புக்கு நான் சொல்றது சிர்கெவ்வா. கோசோ ஃபெர்ரி கிளம்புற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. அனுபவம் உள்ளவங்க 2007ல மூழ்கடிச்ச பி29 ரோந்துக் கப்பலைப் பாக்கப் போகலாம், புதுசா வந்தவங்க அதே கரையில இறங்கி பாறை ஓரமா மேலாகவே சுத்தலாம், மதியம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம். தலைநகர் வல்லெட்டா கோட்டைக்குக் கீழ இருக்குற எச்எம்எஸ் மாவோரி போர்க்கப்பல், 1942 குண்டுவீச்சுல மூழ்கினது, 14 மீட்டர்தான், அதுவும் நல்லது. கோசோவுல ப்ளூ ஹோல் எல்லாரும் கேப்பாங்க. 2017 மார்ச்ல இடிஞ்சு விழுந்த அஸூர் விண்டோங்கிற பாறை வளைவு இருந்த இடத்துலயே இருக்கு, அழகுதான், ஆனா முழு சாமானோட கரடுமுரடான பாறையில நடந்து போகணும். முழங்கால் வலி, இதயப் பிரச்சனை இருக்குறவங்களை அங்க முதல் நாளே கூட்டிட்டுப் போகாதீங்க. மேற்குக் காத்து அடிச்சா அந்தக் கரைப் பக்கமே போக முடியாது, தீவோட அந்தாண்ட பக்கம் போயிடலாம். அதனால "செவ்வாய் இங்க, புதன் அங்க"ன்னு முன்னாடியே எழுதி வைக்காம கைடு கையில விடுங்க.

டைவ் சென்டருக்கு மெயில் போடுறப்போ எல்லாரும் விலையும் தள்ளுபடியும்தான் கேக்குறாங்க. நான் கேக்கச் சொல்றது, ஆக்சிஜன் சிலிண்டர் வேன்லயே வருமா இல்ல சென்டர்ல இருக்கா? ஒரு கைடுக்கு எத்தனை பேர்? மால்டாவுல நிறைய டைவ் கரையிலிருந்துதான், சென்டர் அரை மணி நேரத் தொலைவுல இருந்தா அங்க இருக்குற ஆக்சிஜனால பிரயோஜனம் இல்ல. டைவிங்ல உடம்புக்குள்ள வாயுக் குமிழ் உண்டானா சிகிச்சை குடுக்குற அழுத்த அறை மால்டாவுல மாட்டர் டெய் ஆஸ்பத்திரியில இருக்கு, ஐரோப்பா முழுக்க அவசர நம்பர் 112. இந்த ரெண்டையும் குரூப்ல பின் பண்ணி வைங்க. சாதாரண டிராவல் இன்சூரன்ஸ்ல நிறைய பாலிசி குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல போனா காசு தராது, அழுத்த அறை சிகிச்சை ஆயிரக்கணக்கான யூரோ ஆகலாம், அதனால டேன் யூரோப் மாதிரி டைவிங்குக்குன்னே இருக்குற காப்பீட்டை ஆளாளுக்கு எடுங்க. ஃபார்ம்ல மறைச்சிருந்தா இன்சூரன்ஸும் கை விரிக்கலாம்.

குரூப்ல ஒரு விதி போடுங்க, யார் எந்த டைவை விட்டாலும் காரணம் கேக்கக் கூடாது. இது சின்ன விஷயமா தெரியும், எனக்கு இதுதான் பெரிய விஷயம். சளி பிடிச்சிருந்தா காது அடைக்கும், மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்கினா பாதியில மாத்திரை வேலை முடிஞ்சு மேல வரும்போது காத்து வெளிய போக முடியாம காது, நெத்தியெல்லாம் வலிக்கும். கர்ப்பமா இருக்குற பொண்ணு டைவ் பண்ணவே கூடாது, ஆனா ஆறு வாரக் கர்ப்பத்தை மாமியாருக்கே சொல்லாத ஒருத்தி "ஏன் வரல, ஏன் வரல"ன்னு எட்டு பேர் கேட்டா என்ன பண்ணுவா? ராத்திரி தூக்கம் இல்ல, மனசு சரியில்ல, பயமா இருக்கு, எதுவா வேணாலும் இருக்கட்டும். பேக்கேஜ் வாங்குறப்போவே விட்ட டைவுக்கு காசு திரும்பக் கிடைக்குமா, இல்ல வேற நாளுக்கு மாத்திக்கலாமான்னு கேட்டு வாங்குங்க. கட்டின காசுக்காக சளியோட இறங்குறவங்களை நான் நிறைய பார்க்குறேன்.

ஃப்ளைட் விஷயம். ஆழத்துல உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேற நேரம் வேணும், அதுக்குள்ள உயரத்துக்குப் போனா அது குமிழாகிடலாம். பல நாள் தொடர்ந்து டைவ் பண்ணினா கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவுல குறைஞ்சது 18 மணி நேரம் வேணும், நான் ஒரு முழு நாள் விடச் சொல்றேன். மதியம் ஒரு மணிக்கு தண்ணியை விட்டு வெளிய வந்தா அடுத்த நாள் காலை ஏழுக்கு முன்னாடி ஏறவே கூடாது, சீப்பா கிடைக்குறது எப்பவும் ஆறு மணி ஃப்ளைட்தான். கடைசி நாளை வல்லெட்டா, இம்டினா, கோசோவுல எகிப்து பிரமிடை விடப் பழைய ஜ்கந்தியா கோயில்னு சுத்திப் பாக்க வச்சுக்கோங்க. சிசிலி போறவங்க காலையில டைவ், சாயங்காலம் எட்னா எரிமலைன்னு போட்டுடுறாங்க, சைப்ரஸ் போறவங்க லார்னகால மூழ்கிக் கிடக்குற ஜெனோபியா கப்பலைப் பார்த்துட்டு நேரா ட்ரூடோஸ் மலைக்கு கார் எடுக்குறாங்க. ட்ரூடோஸ் உச்சி 1952 மீட்டர், உடம்புக்கு அதுவும் விமானம் ஏறுற மாதிரிதான். மலையை முதல்ல பாருங்க, கடலை அப்புறம்.

டைவ் முடிஞ்ச பிறகு தோள்ல, முட்டியில வலி, தோல்ல அரிப்பும் திட்டும், விரல் மரத்துப் போறது, தலைசுத்தல், காரணமில்லாத அசதி வந்தா "சிலிண்டர் தூக்குனதுதான்"னு சொல்லி தைலம் தேய்ச்சுட்டுப் படுக்காதீங்க, அது அந்தக் குமிழோட வேலையா இருக்கலாம். ஆக்சிஜன் எடுத்துட்டு உடனே கூப்பிடுங்க. வீட்டுக்கு வந்த பிறகு வந்தாலும் சரி, எமர்ஜென்சில முதல் வரியே "நான் டைவிங் பண்ணிட்டு வந்திருக்கேன், கடைசியா இத்தனை மணிக்கு, இத்தனை மீட்டர்"னு சொல்லுங்க, ஆழமும் நேரமும் பதிவாகுற டைவ் கம்ப்யூட்டரையும் கையோட எடுத்துட்டுப் போங்க, ஏன்னா கடல் இல்லாத ஊர்ல இருக்குற டாக்டருக்கு நீங்க சொல்லாம இது மனசுல தோணாது.