செயின் வீணைத் தந்தி இல்லை தம்பிகளா

போன வாரம் ராத்திரி ஒன்பது மணி. பட்டறை ஷட்டரை இறக்கப் போனேன், தருமபுரியிலிருந்து பஸ் பிடித்து நாலு கல்லூரிப் பையன்கள் வந்து நின்றார்கள். கோணிப்பைக்குள் ரோபோ. மறுநாள் விட்டு மறுநாள் போட்டி. "அண்ணா, செயின் பல் தாண்டுது. இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க."

செயினை விரலால் சுண்டினேன். டிங் என்றது. ஓசூரில் நான் லேத் ஓட்டுகிறேன், சங்கீதக் கடை நடத்தவில்லை. இந்த வருஷம் இப்படி வந்த ஐந்தாவது ரோபோ இது.

செயின் தாண்டினால் லூஸ், இறுக்கினால் சரியாகிவிடும் என்று யார் சொல்லித் தருகிறார்களோ தெரியவில்லை. மாவு மில் பெல்ட்டுக்கு அது சரி. வி-பெல்ட் உராய்வில் ஓடுவது, இழுத்துக் கட்டாவிட்டால் வழுக்கும். செயின் பல்லில் மாட்டி இழுப்பது. அதை இழுத்துக் கட்டவே வேண்டாம். வீட்டில் இருக்கும் பைக் செயினை நடுவில் தள்ளிப் பாருங்கள், 20 முதல் 30 மி.மீ. ஆடும். பைக் செய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன், அது யாரோ மறந்துபோய் விட்ட இடைவெளி இல்லை. (பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்ம் ஏறி இறங்க வேண்டும் என்பதால் அங்கே கொஞ்சம் தாராளம்.) ரோபோவுக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டு ஷாஃப்டுக்கும், அதாவது சுழலும் தண்டுகளுக்கும், நடுவே 200 மி.மீ. என்றால் 4 மி.மீ. ஆட்டம் போதும். அதையும் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, எந்த இடத்தில் அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்துப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் மாட்டும் பல்சக்கரம், அதன் துளை கொஞ்சம் மையம் தப்பியிருந்தாலும் ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் தொய்யும்.

அப்புறம் ஏன் தாண்டியது? ஸ்ப்ராக்கெட்டை மோட்டாரின் 6 மி.மீ. ஷாஃப்டில் நுனியில் மாட்டியிருந்தார்கள். மோட்டாரைப் பிடித்திருந்தது 2 மி.மீ. அலுமினியத் தகடு. செயினை இறுக்க இறுக்கத் தகடு வளைந்தது, ஷாஃப்ட் சாய்ந்தது, ஸ்ப்ராக்கெட் கோணலானது, செயின் பல் ஓரத்தில் ஏறிக் குதித்தது. குதித்ததும் மறுபடி இறுக்கியிருக்கிறார்கள். கியர்பாக்ஸில் ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது.

தகட்டைத் தடிமனாகப் போடுங்கள். ஷாஃப்டின் வெளி நுனிக்கு 6 மி.மீ. துளை உள்ள ஒரு 626 பேரிங் கொடுங்கள். இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். செயினைத் தானாக இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் வேண்டவே வேண்டாம். உங்கள் ரோபோ முன்னும் பின்னும் ஓடுகிறது, பின்னால் போகும்போது தொய்ந்த பக்கம்தான் இழுக்கும் பக்கம். ஸ்பிரிங் அந்த நேரம் பார்த்து விட்டுக்கொடுக்கும். மோட்டார் போல்ட்டுக்கு நீளத்துளை போட்டு, நகர்த்தி முடுக்கினால் போதும்.

தூரத்தை முதலிலேயே கண்ணிக் கணக்கில் வரையுங்கள். 9.525 மி.மீ. பிட்ச் (ஒரு கண்ணியின் நீளம்) செயின், இரண்டு பக்கமும் 16 பல், 54 கண்ணி என்றால் மையத்துக்கு மையம் 181 மி.மீ. கண்ணி எண்ணிக்கை இரட்டைப்படையாக வந்தால், ஒற்றைப்படைக்குத் தேவைப்படும் அரைக் கண்ணி தேடி பெங்களூர் வரை அலைய வேண்டாம். செயின் லாக் கிளிப்பின் மூடிய முனை முன்னோக்கி ஓடும் திசையில் இருக்கட்டும்.

உருண்டை ஷாஃப்டில் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்கும் தலையில்லாத வெறும் கிரப் ஸ்க்ரூவை நம்பி வருகிறவர்களிடம் பேசி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தட்டையாக ஒரு முகம் ராவுங்கள், இல்லையென்றால் குறுக்கே துளை போட்டு இரும்பு முளை (pin) அடியுங்கள்.

இன்னொன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பேட்டரி வயரைக் கழற்றாமல் செயின் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். அன்றைக்கும் ஒரு பையன், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ரிமோட் தன் நண்பன் கையில் இருக்க, உள்ளே விரலை விட்டான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதற்குப் பிறகுதான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. அந்தப் பையனே செயினை அழுத்திப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, லூஸா இருக்கே?"