ஸ்ட்ராஸ்பேர்க் வேறு, லக்சம்பேர்க் வேறு

போன கிழமை ஒரு தம்பி தடித்த கோப்போடு வந்தார். நாட்டுக்குள் கடைசி நீதிமன்றமும் அவருடைய அகதிக் கோரிக்கையை மறுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. "ஐரோப்பிய கோர்ட்டுக்குப் போட்டாச்சு அக்கா, பதில்தான் வரேல்லை" என்றார். காசு வாங்கி எழுதிக் கொடுத்தவர் கோப்பை அனுப்பியது லக்சம்பேர்க்குக்கு. அது போயிருக்க வேண்டிய இடம் ஸ்ட்ராஸ்பேர்க். அங்கே மனுப் போடும் காலம் நான்கு மாதம்தான். இந்த வருடம் என்னிடம் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாமவர்.

"ஐரோப்பிய கோர்ட்" என்று ஒன்று இல்லை. இரண்டு இருக்கின்றன. ஸ்ட்ராஸ்பேர்க்கில் இருப்பது ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமே கிடையாது. 1949இல் தொடங்கிய கவுன்சில் ஒஃப் யூரோப் என்ற வேறொரு அமைப்பைச் சேர்ந்தது. அதில் 46 நாடுகள். ஒன்றியத்தில் 27 நாடுகள்தான். அதன் நீதிமன்றம் லக்சம்பேர்க்கில். சுவிசும் நோர்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் அங்கிருப்பவர்கள் ஸ்ட்ராஸ்பேர்க் போகலாம். பிரித்தானியா 2020இல் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் லண்டனில் இருப்பவர்களுக்கு அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. இரண்டு அமைப்புக்கும் அதே பன்னிரண்டு நட்சத்திர நீலக்கொடி. போதாததற்கு, ஒன்றியத்தின் பாராளுமன்றமும் ஸ்ட்ராஸ்பேர்க்கில் கூடுகிறது. சனம் குழம்புவதில் எனக்குக் கோபமில்லை. காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பவர் குழம்பலாமா?

லக்சம்பேர்க்குக்கு உங்கள் தஞ்சக் கோரிக்கையோடு நீங்கள் நேரே போக முடியாது. ஒன்றியச் சட்டத்தின் பொருளில் சந்தேகம் வந்தால், உங்கள் வழக்கைக் கேட்கும் உள்நாட்டு நீதிபதிதான் கேள்வி எழுதி அங்கே அனுப்புவார். அனுப்பும்படி உங்கள் சட்டத்தரணி அவரிடம் கேட்கலாம், அதுவும் வழக்கு நடக்கும்போதே. நேரே வழக்குப் போட வேண்டுமென்றால் ஒன்றியத்தின் நிறுவனம் எடுத்த முடிவு ஒன்று உங்களைத் தாக்கியிருக்க வேண்டும். ஒன்றியம் தங்களைப் பயங்கரவாதப் பட்டியலில் வைத்ததை எதிர்த்து விடுதலைப் புலிகள் போட்ட வழக்கு அப்படித்தான் அங்கே போனது. அதிலும் 2017 ஜூலைத் தீர்ப்பைப் பார்த்துத் தடை நீங்கிவிட்டது என்று பலர் நம்பினார்கள். கீழ் நீதிமன்றம் செய்திருந்த ரத்தை அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது, அதுவும் பட்டியலில் வைத்திருந்த முந்தைய சில முடிவுகளுக்கு மட்டும். பட்டியலில் பெயர் அப்படியே இருந்தது.

ஸ்ட்ராஸ்பேர்க்கும் இன்னொரு மேன்முறையீட்டுப் படி இல்லை. அது உங்களுக்கு விசா கார்ட் தராது. மனித உரிமை மீறப்பட்டதா என்று மட்டும் பார்க்கும். 2008இல் ஒரு இலங்கைத் தமிழரைப் பிரித்தானியா திருப்பி அனுப்பினால் சித்திரவதைத் தடை மீறப்படும் என்று அது சொன்னது. அதே தீர்ப்பில், எல்லாத் தமிழருக்கும் பொதுவாக அந்த ஆபத்து இருப்பதாகச் சொல்ல முடியாது, ஒவ்வொருவருடைய நிலையையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. இரண்டாம் பாதியை யாரும் வாசிப்பதில்லை. உங்கள் கதையும் உங்கள் ஆதாரமும் இல்லாமல் அந்தத் தீர்ப்பின் நகலை மட்டும் இணைத்துப் பயனில்லை.

நான்கு மாதம் என்பது 2022 பெப்ரவரியிலிருந்து. அதற்கு முன் ஆறு மாதம். பழைய ஆறு மாதக் கதையைச் சொல்பவரை நம்பாதீர்கள். உள்நாட்டுப் படிகளை முதலில் முடியுங்கள். நீதிமன்றத்தின் தற்போதைய படிவத்தை முழுதாக நிரப்பி, கையொப்பமிட்டுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு பகுதியை வெறுமையாக விட்டால் படிவத்தை ஏற்கமாட்டார்கள், நாட்களோ ஓடிக்கொண்டிருக்கும். தமிழில் எழுதினால் எடுபடாது. உறுப்பு நாடு ஒன்றின் அரசமொழி வேண்டும், பிரெஞ்சோ ஜெர்மனோ ஆங்கிலமோ. நீதிமன்றம் ஒரு சதமும் கேட்பதில்லை. "பதிவுக் கட்டணம்" என்று ஆராவது கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். நாடு கடத்தும் நாள் குறித்துவிட்டார்களா? அன்றைக்கே சட்டத்தரணியிடம் ஓடுங்கள். இடைக்காலத் தடை கேட்கும் அவசர வழி தனியாக இருக்கிறது, கடைசி இரவில் வந்தால் எங்களால் எதுவும் எழுத முடியாது.

தயவுசெய்து, மறுப்புக் கடிதம் கிடைத்த கிழமையே வாருங்கள். கடிதம் வந்த உறையை எறிந்துவிடாமல் கொண்டு வாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதிலுள்ள திகதியைத்தான்.