சாப் சூயி கறி வீட்டுல செஞ்சா மட்டும் ஏன் ரப்பராகுது?

நம்ம ஊர் ஹோட்டல்ல பொரிச்ச நூடுல்ஸ் மேல இனிப்பு சாஸ் ஊத்தித் தர்ற அமெரிக்கன் சாப்சூயிய கொஞ்சம் மறந்துடுங்க. அமெரிக்காவுல சைனீஸ் கடைகள்ல சாப் சூயின்னா பன்னிக்கறி, முளைப்பயறு, செலரி, முட்டைக்கோஸ் எல்லாம் வதக்கி கெட்டி சாஸோட சோத்துக்குத் தொட்டுக்குறது. 1896ல சீன அரசாங்கத்தோட பெரிய தலைவர் லி ஹொங்சாங் நியூயார்க் போனப்போ அவரோட சமையல்காரர் கண்டுபிடிச்சதுன்னு ஒரு கதை சுத்துது, ஆனா 1880கள்லயே அங்க இதப் பத்தி எழுதிட்டாங்க, அதனால அது சும்மா கட்டுக்கதை.

சரி, அஞ்சு நிமிஷ சமையல்தானே, அப்புறம் ஏன் சொதப்புது? எல்லாம் தண்ணி பண்ற வேலை. கறி 60, 70 டிகிரி தாண்டும்போது அதுல உள்ள புரத நாரெல்லாம் சுருங்கி ஈரத்துணியைப் பிழியற மாதிரி தண்ணியை வெளிய தள்ளிடும், கொழுப்பு கம்மியான கறின்னா கேக்கவே வேணாம். அதுக்குத்தான் நாருக்குக் குறுக்கால மெலிசா வெட்டி சோயா சாஸும் கான்ஃப்ளவரும் பிசிறி வைக்கிறது, கான்ஃப்ளவர் சூட்டுல ஊதி கறி மேல ஒரு கோந்து மாதிரி படிஞ்சு நேரடி சூட்டைத் தடுக்கும், வெளிய வர்ற சாறையும் பிடிச்சு வச்சுக்கும். சில பேர் அதுக்கு முன்னாடி அரைக்கிலோ கறிக்கு அரை டீஸ்பூன் ஆப்பசோடா போட்டு 15 நிமிஷம் ஊற வச்சு கழுவிடுவாங்க. ஆப்பசோடாவால காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்ல, அமிலத்துக்கு எதிரானது) கூடினா புரதம் ஒண்ணோடொண்ணு இறுக்கமா ஒட்டாது. அளவு கூடிப்போச்சுன்னா சோப்பு வாடைதான், நான் அனுபவிச்சிருக்கேன்.

அடுத்து அடுப்பு. ஒரு கிராம் தண்ணியை 30 டிகிரிலேர்ந்து 100க்குக் கொண்டுவர 70 கலோரி போதும், ஆனா அதையே ஆவியாக்க 540 கலோரி வேணும். கறியையும் காயையும் ஒட்டுமொத்தமா கொட்டினா நம்ம வீட்டு அடுப்பால அவ்ளோ சூடு குடுக்க முடியாது, வாணலி 100 டிகிரிலயே மாட்டிக்கும், கறி பொன்னிறமா வறுபட 140க்கு மேல வேணுமே, அதனால கறி அவிஞ்சு போகும், வறுபடாது. ஹோட்டல் அடுப்பு வீட்டு அடுப்பை விட பத்து மடங்கு கூட எரியும், அதோட போட்டி போடாதீங்க. கறிய ரெண்டு தடவையா பிரிச்சு வறுத்து எடுத்து வச்சுட்டு, காயைத் தனியா வதக்குங்க, முளைப்பயறு கடைசியா.

சாஸுக்கு கான்ஃப்ளவரைப் பச்சைத்தண்ணியில கரைச்சுதான் ஊத்தணும், மாவா கொட்டினா வெளிப்பக்கம் மட்டும் ஊதி உள்ள காஞ்ச மாவு கட்டி கட்டியா நிக்கும். கொதி வந்து கலங்கலா இருந்தது பளபளன்னு ஆனவுடனே வறுத்த கறியப் போட்டு ஒரு புரட்டு புரட்டி அடுப்பை அணைச்சிடுங்க, அதுக்கு மேல கிண்டிக்கிட்டே இருந்தா ஊதின மாவு உடைஞ்சு சாஸ் திரும்ப தண்ணியாயிடும்.